ஜலம் கீழேதான் போகும்

பெஹாலாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படியைப் போலச் சுத்தமான படியை நான் கல்கத்தாவில் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் படி வந்து முடிகிற இடத்தில் இருந்த எங்கள் வாசலைப் போல அழுக்கான வாசலையும் பார்த்ததில்லை. மாடியில் மாமி இருந்தாள், கீழே நாங்கள் இருந்தோம். இவ்வளவு சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. அவளுக்கு அந்த மட்டும் மரியாதை போதும்.

விடிந்ததும் மாமி மாடி வராந்தாவை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். தலைமுடி, கருகிய தீக்குச்சி, நேற்றைய கோலமாவு எல்லாம் சேர்ந்த அந்தத் தண்ணீர் ஓரத்து ஓட்டை வழியாக நேரே எங்கள் துணிக்கொடியில் வந்து விழும். துணி காயப்போடும் இடத்தை அம்மா மூன்று தடவை மாற்றிப் பார்த்தாள். மாமி எந்த ஓட்டை வழியாகத் தள்ளுவாள் என்பதற்கு ஒரு நிச்சயமும் இல்லை. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அம்மா மேலே ஏறிப்போய்ச் சொன்னாள். மாமி கையில் துடைப்பத்தோடு, கோபமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலக் கேட்டாளாம்: "ஜலம் கீழேதானேம்மா போகும்? மேலயா போகும்?"

அம்மா திருநெல்வேலிக்காரி. எதிர்த்துப் பேசத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். சாயங்காலம் மாமா வந்தார். பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம், பிறர் முன்னால் நிமிர்ந்து நின்று பழகியவர், எங்கள் வாசலில் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "கொஞ்சம் ஈரமாயிடுத்தோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேலே போய்விடுவார். வருஷக்கணக்கில் அதுதான் அவர் எங்களோடு பேசிய பேச்சு.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா டைபாய்டில் படுத்தபோது தினமும் மேலேயிருந்து ரசமும் குழைந்த சாதமும் வந்தது. ஒருநாள் தவறவில்லை. மாமி கைமணம் அப்படிப்பட்டது, அம்மா பிழைத்ததில் அந்த ரசத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பாத்திரத்தை நான் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். அவள் அதைக் கையால் வாங்கமாட்டாள். படியில் வைக்கச் சொல்லி, மறுபடி புளி போட்டுத் தேய்த்து, அந்தப் புளித்தண்ணீரை அதே ஓட்டையில் விடுவாள். நோயாளியின் போர்வை கீழே காய்ந்துகொண்டிருக்கும். ஒரே மனுஷி எப்படி இரண்டையும் செய்தாள் என்று நான் அப்போது யோசித்து மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. இப்போது யோசிப்பதில்லை.

ஒரு கோடை விடுமுறைக்கு மெட்ராஸ் மெயிலில் ஒரே பெட்டியில் போகும்படி ஆயிற்று. மாமி ஏறியவுடன் தன் இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். இருக்கைக்கு அடியிலிருந்த கடலைத்தோல், வாழைப்பழத்தோல் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளால் கூட்டி எடுத்தாள். பரவாயில்லையே, வெளியே போடப்போகிறாள் என்று பார்த்தால், எதிரே ஓர் ஒரியாக் குடும்பம் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளை பார்த்தாள். மாமியும் அவளைப் பார்த்துச் சிரித்தாள். கள்ளச் சிரிப்பெல்லாம் இல்லை. வேலை முடிந்த திருப்தி, அவ்வளவுதான்.

இதுதான் மாமி. அவளுக்குச் சுத்தம் என்றால் அழுக்கு இல்லாமல் போவது அல்ல, தன் எல்லையைத் தாண்டிப் போவது. எல்லைக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நவராத்திரி முடிந்ததும் வாடிய பூ, எண்ணெய்த் திரி, கிழிந்த சாமி படம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கங்கையில் போட்டு வருவாள். வந்த கையோடு, துர்க்கையைக் கரைத்து ஆற்றை நாசம் பண்ணுகிறார்கள் என்று பெங்காலிகளைத் திட்டித் தீர்ப்பாள். "கங்கையில மூழ்கினாலும் காக்கை அன்னமாகுமா" என்று அம்மா அடுப்படியிலிருந்து முணுமுணுப்பாள். அம்மாவின் கோபம் அதற்குமேல் போகாது. என் கோபம் ஆற்றங்கரைக்குப் போன பிறகுதான் முற்றிற்று.

நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னிடம் படிக்கிற பெண்களை அழைத்துக்கொண்டு விடுமுறையில் எங்காவது கூடாரம் போட்டுத் தங்குவது என் பைத்தியம். எல்லாரும் அறை ஒன்று, பாதி வராந்தா என்று வளர்ந்த பெண்கள். திறந்த வானத்துக்குக் கீழே ஓடச்சொன்னால் முதலில் எங்கே ஓடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். எழுபதுகளின் நடுவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. கார்டன் ரீச் கப்பல் பட்டறையெல்லாம் தாண்டி, ஆற்றோடு வெகுதூரம் கீழே போனால் ஒரு மீனவக் குடியிருப்பு. அதை ஒட்டி, ஓய்வுபெற்ற பெங்காலி டாக்டர் ஒருவருக்கு ஆற்றங்கரையில் நிலம் இருந்தது. நான் போய்க் கேட்டதற்கு, பெண்பிள்ளைகள் வந்து தங்கட்டும், முகாம் போட வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்பாபு.

சும்மா தரவில்லை. என்னைக் கரைக்கே அழைத்துப்போய், காட்டிக் காட்டிச் சொன்னார். கரையோரம் ஆள் உயரத்துக்கு நிற்கிற ஹோக்லாக் கோரையை வெட்டக்கூடாது. அதுதான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆற்றில் ஒரு பொட்டு அழுக்கு போகக்கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது மீனவர்களின் படித்துறை. குளிப்பது, அரிசி கழுவுவது, பல சமயம் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். மழைக்காலம் முழுவதும் அந்தக் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுத்தே தன் கை சலித்துவிட்டது என்றார். இது இரண்டும் தவறினால் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ் நிற்கிற பின்பக்கத்தில், ஆற்றுக்கு எட்டாத தூரத்தில், ஆழக் குழி வெட்டிக் கக்கூஸ். சமையல் தண்ணீர் வாழைமரத்துக்கு. எச்சில் இலைக்குத் தனிக் குழி. கோரையைத் தொடாமல், மூங்கிலில் ஓர் ஒற்றையடிப் பாலம். இவ்வளவுதான் என் திட்டம். சங்கத்தில் எல்லாரும் நல்லது என்றார்கள். அப்புறம் சிமெண்ட் வேண்டுமே என்ற பேச்சு வந்தது. சிமெண்ட் பெர்மிட் இல்லாமல் கிடைக்காத காலம். மாமா கையெழுத்துப் போட்டால் கிடைக்கும். சிமெண்டோடு மாமியும் வந்தாள், சுகாதாரக் கமிட்டித் தலைவியாக. சுத்தத்துக்கு அவளை விட்டால் ஆள் ஏது என்று கைதட்டினார்கள்.

நிலத்தைப் பார்க்க வந்தவள் கோரையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினாள். பாம்பு அடையும், கொசு அடையும், பார்க்கவே காடாக இருக்கிறது என்றாள். கக்கூஸ் குழிக்கு நான் அடையாளம் வைத்திருந்த இடத்தைக் காட்டியதும் அவளுக்கு நிஜமாகவே பதறிவிட்டது. பஸ் வந்து நிற்கிற இடம்தானே வாசல், வாசலிலா யாராவது கக்கூஸ் கட்டுவார்கள் என்று கேட்டாள். கட்டுவது என்றால் தெற்கு மூலையில், ஆற்றை ஒட்டி, ஒரு குழாய் போட்டு விட்டுவிடலாம். குளிக்கும் படி வடக்கே இருக்கட்டும். ஆறு தெற்கே போகிறது, எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், நம் படியில் ஒன்றும் அண்டாது என்றாள்.

தெற்கேதான் மீனவர் படித்துறை இருக்கிறது என்றேன். "அவா பழக்கப்பட்டவா" என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அடக்கிக்கொண்டு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான் பிறந்தது கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஜன்னலைத் திறந்தால் ஆறு. கடல் ஏறும்போது இந்த ஆறு தினமும் இரண்டு வேளை திரும்பி வடக்கே ஓடும். ஜோயார் என்பார்கள். பௌர்ணமியை ஒட்டி வந்தால் மிதக்கிற மரக்கட்டைகூட மேலே ஏறிப் போகும், ஆகவே நீங்கள் விடுவது உங்கள் படிக்கே திரும்பி வரும் என்றேன். கமிட்டியில் பாதிப்பேர் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு ஆறு என்றால் காவேரிதான். மேலே குளிப்பது, கீழே துவைப்பது, அதற்கும் கீழே மற்றது. கல்கத்தாவுக்கு வந்து தலைமுடி நரைத்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. மாமி ஒவ்வொரு அமாவாசைக்கும் கங்கா ஸ்நானம் செய்கிறவள். விடியலில் போய், மூக்கைப் பிடித்துக் கண்ணை மூடி மூன்று முழுக்கு போட்டுவிட்டு டாக்ஸி ஏறிவிடுவாள். கங்கையைக் கும்பிட்டிருக்கிறாளே தவிர, ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஏண்டி கணக்கு டீச்சர், கங்கை திரும்பி மலைக்கா போறா?" என்று கேட்டாள். கமிட்டி முழுவதும் சிரித்தது. "ஜலம் கீழேதான் போகும்" என்று முடித்துவிட்டாள்.

எனக்குப் பரீட்சைத்தாள் திருத்தும் வேலை வந்து சேர்ந்தது. அது முடிந்து போய்ப் பார்த்தால் கோரை முழுவதும் வெட்டிக் குவித்திருந்தது. கரை மழித்த தலையாகக் கிடந்தது. வடக்கே பளபளவென்று சிமெண்ட் படி. தெற்கு மூலையில் வெள்ளையடித்த கக்கூஸ் வரிசை, அதன் அடியிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிய குழாய். சங்கச் செயலாளரிடம் சண்டை போட்டேன். திறப்பு விழா ஆகட்டும் அம்மா, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். டாக்டர்பாபு ஊரில் இல்லை, விழாவுக்குத்தான் வருவார் என்றார்கள். வேலிக்கு அந்தப்பக்கம், நிலத்துக்குக் காவல் இருந்தவனின் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். விழா அன்று காலையில் ஆற்றுத் தண்ணீர் எடுக்காதே என்றேன். வேறு எங்கே எடுப்பது தீதிமணி, அதாவது டீச்சரம்மா, என்று கேட்டாள். குழாய்க்கிணறு பழுதாகி வெகுநாள் ஆகியிருந்தது.

பூஜை விடுமுறை, லக்ஷ்மி பூஜைப் பௌர்ணமி அன்று விழா வைத்தார்கள். நாள் பார்த்துக் கொடுத்தது மாமி. காலையிலேயே பஸ்ஸில் பெண்களோடு போய் இறங்கினோம். பஸ்ஸில் அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு வந்த பெண்கள் எங்கே போவார்கள், சொல்லுங்கள். தண்ணீர் வற்றியிருந்த நேரம். குழாயின் வாய் ஆற்றில் இல்லை, சேற்றுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. விழுந்ததெல்லாம் சேற்றிலேயே கிடந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து மாமியிடம் சொன்னேன். தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போய்விடும், நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்காதே என்றாள்.

தண்ணீர் வந்தது. மாமி பட்டுப்புடவையில், வெள்ளித்தட்டு, மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரத்தோடு புதுப் படியில் இறங்கிக் கங்கைக்குப் பூஜையை ஆரம்பித்த நேரம். முதலில் தெற்கேயிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. பிறகு ஆறு ஒரு முழம் எழும்பித் திரும்பிற்று. பெண்கள் ஓவென்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார்கள். ஆறு வடக்கே ஓடுவதை அவர்களும் பார்த்ததில்லை. சேற்றில் கிடந்ததெல்லாம் மிதந்து, வரிசையாக, அவசரமில்லாமல், மாமியின் படிக்கு வந்தது. கோரை இருந்திருந்தால் அதில் பாதியாவது சிக்கியிருக்கும். மாமி போட்ட செம்பருத்திப் பூவும் அதுவும் சேர்ந்து அவள் கால்விரலைத் தொட்டன.

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்கமாட்டேன். ஆனால் அது நிலைக்கவில்லை.

மாமி கூச்சலிடவில்லை, வெட்கப்படவும் இல்லை. ஒரு படி மேலே ஏறினாள். பௌதியைக் கூப்பிட்டாள். மூங்கிலை எடுத்து அதையெல்லாம் தள்ளிவிடச் சொன்னாள், எந்தப் பக்கம் என்று கையாலும் காட்டினாள். பௌதி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஏறுகிற வெள்ளத்துக்கு எதிராக, எங்கள் வீட்டுப் பெண்களின் மலத்தைத் தன் படித்துறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் டாக்டர்பாபு வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் மொட்டைக் கரையைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "ஏடா கே கோரேச்சே?" யார் செய்தது இது என்று, குரலை உயர்த்தாமல் கேட்டார். சங்கத்தார் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமி மட்டும் தயங்கவில்லை. தனக்குத் தெரிந்த இந்தியில், தண்ணீரில் நின்ற பௌதியை நோக்கிக் கையை நீட்டினாள். இந்தக் குப்பத்து ஜனங்கள்தான், அவர்களுக்குக் கக்கூஸ் ஏது, எல்லாம் ஆற்றிலேதான், நாங்கள் இப்போது ஆள் வைத்துச் சுத்தம் செய்கிறோம் என்றாள். பௌதிக்கு இந்தி புரியும். அவள் மூங்கிலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சங்கத்தார் தலையை ஆட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நான் இறங்கிப்போய், பெங்காலியிலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். குழாய் எங்களுடையது, டாக்டர்பாபு. கோரையை வெட்டியதும் நாங்கள். இந்தப் பெண்பிள்ளையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் கக்கூஸ் வரைக்கும் நடந்துபோய்க் குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பெண்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதன் பிறகு இந்த நிலத்துக்கு நீங்கள் யாரும் வரவேண்டாம் என்றார். பௌதியைக் கரையேறச் சொல்லி, அவளுக்குச் சோப்பு கொண்டுவரச் சொன்னார்.

"நீ எங்களவளா, அவாளவளா?" என்று மாமி என்னைக் கேட்டாள். சங்கம் அதற்கு ஒரு பதிலை வைத்துக்கொண்டது. என் வாயால்தான் நிலம் போயிற்று என்று பேசினார்கள். அடுத்த ஆண்டுவிழாவில் சுகாதாரச் சேவைக்காக மாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் பெண்களுக்கு அதற்குப் பிறகு ஆற்றங்கரையே கிடைக்கவில்லை. அடுத்த மழைக்கு அந்தக் கரை, சிமெண்ட் படியோடு சரிந்து ஆற்றில் போயிற்று என்று பௌதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று சாப்பாடு முடிந்ததும் மாமி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். நிலத்தை விடுகிறபோது குப்பையாக விட்டுவிட்டுப் போனோம் என்று ஒருத்தன் சொல்லக்கூடாது என்றாள். ஆட்களை ஏவி, தானும் துடைப்பம் பிடித்து, இடம் முழுவதையும் கண்ணாடியாகப் பெருக்கினாள். எவ்வளவு வேலை செய்யக்கூடியவள் தெரியுமா அவள். பெருக்கிய எச்சில் இலைகளையெல்லாம் வேலிக்கு மேலே தூக்கி, மீனவர் பக்கம் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸில் முதல் ஸீட்டில் போய் உட்கார்ந்தாள்.

நான் பெண்களைப் பார்த்தேன். அரிசி வந்த சாக்குகளை எடுத்துக்கொண்டு வேலி தாண்டினேன். பின்னாலேயே பெண்களும் வந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். குனிந்து குனிந்து கடைசி இலை வரைக்கும் பொறுக்கினோம். பௌதி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உதவிக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். மோர் சொட்டிக்கொண்டிருந்த சாக்குகளைப் பஸ்ஸில் ஏற்றினோம். வேறு இடமில்லை என்று சொல்லமாட்டேன், இடம் இருந்தது. எல்லாவற்றையும் மாமியின் காலடியிலேயே அடுக்கினேன்.

"இதை எங்கடி கொண்டுபோறே?" என்றாள்.

"மேல, மாமி. நம்ம வீட்டுக்கு."

பஸ் பெஹாலாவுக்கு வந்து சேரும்வரை அவள் பட்டுப்புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, காலைத் தூக்கி ஸீட்டின் மேல் வைத்தபடியே வந்தாள்.